யாரும் தொடாத கட்டம்

ஆபீஸில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது என் வாயில் வரும் சொல் 'டீஃபால்ட்'. பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் போனால் என்ன நடக்கவேண்டும் என்று நாமே முன்கூட்டி எழுதிவைப்பது. எழுத்துரு, மொழி, நோட்டிஃபிகேஷன் சத்தம் எல்லாமே அப்படித்தான். இதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி கிடையாது.

அதே சொல் பேங்கில் வேறு முகம் காட்டும். கடனைக் கட்டாதவர் டீஃபால்ட்டர். கோர்ட்டுக்கு வராத பிரதிவாதி செய்ததும் டீஃபால்ட்தான், அவர் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது 'டீஃபால்ட் பெயில்'. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். தவறியது ஒருவர், பலன் இன்னொருவருக்கு.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. குறைபாடு, இல்லாமை என்று பொருள். 'ஃபால்ட்' என்ற சொல்லும் அதே குடும்பம். இன்றைய பிரெஞ்சில் 'தெஃபோ' என்றால் பொருளில் இருக்கும் பழுது. ஆனால் கம்ப்யூட்டரில் 'பார் தெஃபோ' என்றால் நம்ம டீஃபால்ட்.

தமிழில் 'முன்னிருப்பு', 'இயல்புநிலை' என்றெல்லாம் எழுதுகிறோம். நல்ல சொற்கள்தான், ஆனால் பழைய கறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டன. எனக்கென்னவோ 'தவறு' என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. தவணை தவறிவிட்டது, தவறு செய்துவிட்டான், தாத்தா தவறிட்டார். மூன்றுக்கும் ஒரே வினை.

தாத்தாவைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு சுற்றினேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் சித்தப்பா தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "அன்னிக்கு அவர் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நாம எல்லாரும் இப்ப பாரீஸ்ல இருந்திருப்போம்." குருசுக்குப்பத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய பேரன்கள் டிசம்பரில் வந்து இறங்கும்போதெல்லாம் சித்தப்பாவுக்குத் தாத்தாமேல் கோபம் புதுசாகும்.

நடந்தது இதுதான். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16இல். அன்றிலிருந்து ஆறு மாதம். பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுக்காத உள்ளூர்க்காரர் இந்தியர். கல்யாணமாகாத, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பாவே முடிவு செய்வார். என் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது.

ஒப்பந்தத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கோடு எழுதுகிறவன் என்பதால் அது என் கண்ணில் படாமல் போகாது. புதுச்சேரியில் பிறந்து, இந்தியாவுக்கு வெளியே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடிப்பார்கள். அண்ணன் சைகோனில், தம்பி முத்தியால்பேட்டையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே வாய் திறக்கவில்லை. ஒரே மௌனம்தான், ஆனால் ஒருவர் கைக்கு ஒரு தேசமும் மற்றவர் கைக்கு இன்னொன்றும் வந்து சேர்கிறது.

ஊரில் இருந்த மௌனமும் ஒரே மாதிரி இல்லை. விடுதலைக்காக அடி வாங்கியவர் எழுதிக்கொடுக்கப் போயிருப்பாரா? அவருடைய மௌனம் ஒரு பதில். விஷயமே காதில் விழாத கூலிக்காரரின் மௌனம் வேறு. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருந்தவர் ஒரு ரகம், வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டவர் இன்னொரு ரகம். பதிவேட்டுக்கு இதெல்லாம் தெரியாது. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். இந்தியக் குடியுரிமையை இழப்பு என்று நான் சொல்ல வரவில்லை, சித்தப்பாதான் சொல்கிறார். என்னை உறுத்துவது வேறு. காலியாக விட்ட கட்டத்தை வைத்து ஒரு ஆளை அறுபது வருஷமாகத் திட்ட முடியுமா?

இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு என் வேலையும் ஒரு காரணம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு டிக்கெட் புக்கிங் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டுவைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி மாற்றம். போட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துக்கட்டுமே என்பதுதான் எல்லோருடைய வாதமும், என்னுடையதும். 2019 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இணையதளக் குக்கீகள் பற்றிய வழக்கில், முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தங்களுக்குத் தெரியாமலே என்னிடம் பணம் கட்டியவர்களில் கண் சரியாகத் தெரியாத எத்தனை பெரியவர்கள் இருந்திருப்பார்கள்?

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதே பிரான்ஸில் 1976 சட்டப்படி, வேண்டாம் என்று சொல்லாதவர் எல்லோரும் உறுப்பு தானம் செய்யச் சம்மதித்தவர்கள். இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது நாமோ, பிறகு குடும்பமோ சொல்ல வேண்டும். அங்கே மௌனம் உயிரைக் காப்பாற்றுகிறது என்றால் அதை எப்படிக் குறை சொல்வேன்? ஆக டீஃபால்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சைகோனுக்கு ஒரு விதி, முத்தியால்பேட்டைக்கு ஒரு விதி என்று எழுதியவர் ஒருவர் இருக்கிறார். டிக்கெட் பக்கத்தில் அந்த ஆள் நான். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் எங்கள் பெயர் இருக்காது. சும்மா இருந்தவன் பெயர்தான் இருக்கும்.

போன பொங்கலுக்கு ஆயாவிடம் கேட்டேவிட்டேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டாலும் ஞாபகம் தெளிவு.

"தாத்தா ஏன் ஆயா எழுதிக்குடுக்கல? வேணாம்னு நெனச்சாரா?"

"வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. மில்லுக்குப் போனாரு, வந்தாரு."

"நீங்க கேக்கலயா?"

"என்னை யாரு கேட்டா?" என்றார் ஆயா. பிறகு சித்தப்பா காதில் விழாத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, தனக்குக் கப்பல் என்றாலே வாந்தி வரும் என்றார்.