நடுக்கங்களின் ஆண்டவர்

குஸ்கோ நகரத்து ஆண்டவர் கறுத்தவர். 370 ஆண்டுகளுக்கு மேலாக அவர் முன்னால் எரிந்த மெழுகுவர்த்திகளின் புகையும், அவர் மேனியில் வாரி இறைத்த பூக்களின் பிசினும் படிந்து படிந்து அந்தப் பாடுபட்ட சுரூபம் கறுத்துப் போயிருக்கிறது. அதைத் துடைத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே நான் பேசிய ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏற்றிய மெழுகுவர்த்தி, மழை பொய்த்ததென்று ஏற்றியது, சிறைக்குப் போன கணவனுக்காக ஏற்றியது, எல்லாம் அந்தக் கறுப்பில் இருக்கின்றன. ஒரு நகரத்தின் கண்ணீர் முழுவதையும் அவர் தம் தோலாக உடுத்தியிருக்கிறார். பெரு நாட்டு மலைமக்கள் அவரை 'தைத்தாச்சா தெம்ப்ளோரெஸ்' என்று கூப்பிடுகிறார்கள். நடுக்கங்களின் அப்பன். பூமி நடுங்கும்போது கூப்பிடும் பெயர் அது.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சான் பிளாஸ் மேட்டில் இருக்கும் ஒரு மலிவான தங்கும் விடுதி. நகரத்தின் பெரிய சதுக்கத்திலிருந்து ஹாத்துன் ருமியோக் சந்துக்குள் நுழைந்து, பன்னிரண்டு மூலைகள் வைத்துச் செதுக்கிய அந்தப் புகழ்பெற்ற இன்காக் கல்லைத் தாண்டி, மூச்சு வாங்க ஏறினால் சான் பிளாஸ். சுரூபம் செய்கிறவர்களும் மரம் செதுக்குகிறவர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டை. வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரு வீடு. கூரையின் சிவப்பு ஓட்டு முகட்டில் ஒரு சிலுவை, அதன் இரு பக்கமும் புக்காரா ஊர்க் களிமண் காளைகள் இரண்டு. கதவுக்குள் முற்றம். முற்றத்தைச் சுற்றி மரத்தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டிச் சில அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, மிச்சத்தில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும் போல நானும் சென்யோரா என்றேன். அவர் என்னை முதல் நாளே மகளே என்றார்.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஓர் ஆணி. ஆணியில் தைத்தாச்சாவின் படம். ஹீட்டர் கிடையாது. குளிக்க முற்றத்தைக் கடக்க வேண்டும். தண்ணீரைச் சுடவைக்கும் மின்சாதனம் குழாயின் தலையிலேயே மாட்டியிருக்கும், குழாயை மெல்லத் திறந்தால்தான் சூடு வரும். படுக்கையில் அல்பாக்கா கம்பளி, கனமான கம்பளி, ஒன்றன் மேல் ஒன்றாக. அதற்குள் நுழைந்து படுத்தால் புரள முடியாது. சுவர்களோ பச்சை மண்கட்டிச் சுவர்கள், ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. அந்த அறையில் இல்லாதது எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரம். வந்தவர்களுக்குத் தலை இடிக்கும், வயிறு புரளும், சொரோச்சே என்பார்கள். அறைக்குள் ஆக்சிஜன் செலுத்தித் தரும் பெரிய ஹோட்டல்களும் அந்த ஊரில் உண்டு. எனக்கு சென்யோரா ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீரும் ஒரு பிடி கோக்கா இலையும் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே இரவில் செபமாலை எடுத்தேன். அருள்நிறை மந்திரம் பாதியிலேயே மூச்சு முடிந்துபோகும். நின்று, காற்றை இழுத்து, மறுபாதியைச் சொல்ல வேண்டும். சிறுவயது முதல் நாக்கு தானாக உருட்டிய மந்திரம். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பு விலை கொடுத்தது. "ஆசிர்வதிக்கப்பட்டவர்" என்று சொல்லி முடிக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று அந்த அறைதான் எனக்குக் காட்டியது. மூச்சைக் கொடுத்தவருக்கே மூச்சை எண்ணி எண்ணித் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற நினைப்பு எழுந்தபோது, அந்தக் குளிரில், அந்தக் கம்பளிச் சுமைக்கு அடியில், நான் மகிழ்ச்சியில் அழுதேன்.

அந்த வீட்டில் ஒரு பாட்டியம்மா இருந்தார், சென்யோராவின் தாய். கெச்சுவா மொழிதான் பேசுவார். மகள் ஸ்பானிஷில் எனக்கு எடுத்துச் சொல்வார். முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டி தம் உள்ளங்கையால் தரையைத் தடவுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே, அனிச்சையாக. 1950 மே 21 அன்று குஸ்கோ குலுங்கியபோது அவர் சின்னப் பெண். நகரத்தின் வீடுகளில் பெரும்பகுதி அன்று பாழாயிற்று. இன்காக்களின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் மேல் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ கோயிலும் மடமும் இடிந்து சரிய, அடியிலிருந்த இன்காச் சுவர் அசையாமல் வெளியே வந்து நின்றது. "தூசிக்குள் அம்மாவைத் தேடிக் கத்தவில்லை, தைத்தாச்சாவைத்தான் கத்தினேன்," என்றார் பாட்டி. அதைச் சொல்லும்போது சிரித்தார்.

அந்தப் பழக்கம் 1650இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதி பெரும் நிலநடுக்கம். பின்னதிர்வுகள் ஓயவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கட்டிக்கொண்டிருந்த பேராலயம் இன்னும் முடியாமல் நின்றது. மக்கள் அதற்குள் இருந்த ஒரு சிலுவைச் சுரூபத்தைத் தூக்கிச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடுக்கம் தணிந்தது என்பது அவர்கள் சாட்சி. அந்த நாளின் காட்சியை அலோன்சோ கொர்த்தேஸ் தே மொன்ரோய் என்பவர் வரையச் செய்த பெரிய ஓவியம் இன்றும் பேராலயத்தோடு ஒட்டிய திரியுன்ஃபோ கோயிலில் இருக்கிறது: பிளந்த வீடுகள், எரியும் கூரைகள், நடுவில் பவனி. சுரூபத்தை ஸ்பெயின் அரசர் அனுப்பினார் என்று ஒரு வழிவழிக் கதை உண்டு. ஆராய்ந்தவர்களோ அது இந்த மலையிலேயே, இந்த மண்ணின் கைகளால், கற்றாழைத் தண்டும் பசை தோய்த்த துணியும் கொண்டு செய்யப்பட்டது என்கிறார்கள். என் மனம் இரண்டாவதில்தான் நிற்கிறது. தோற்கடிக்கப்பட்டவர்களின் கையில் உருவாகி, தோற்கடிக்கப்பட்டவர்களின் தோளில் ஏறியவர் அவர். பேராலயம் நிற்பது இன்கா விராகோச்சாவின் அரண்மனை இருந்த இடம். அதன் கற்களில் பல சக்சாய்வாமான் கோட்டையிலிருந்து பெயர்த்துவந்தவை. அந்த அநியாயத்தை மறைத்து எந்தப் பக்தியும் பேசக் கூடாது. அதே சதுக்கத்தில் ஒரு காலத்தில் இறந்துபோன இன்கா அரசர்களின் உடல்களைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோனார்கள். தூக்கிப் பழகிய தோள்கள். அந்தத் தோள்களைத் தேடி ஆண்டவர் வந்தார்.

குருத்து ஞாயிறு மாலை முற்றத்தில் கூடைகள் வந்து இறங்கின. ஞுச்சுப் பூக்கள். குஸ்கோவைச் சுற்றிய மலைச்சரிவுகளில் பூக்கும் சின்னஞ்சிறு செந்நிறப் பூ, விரல்நுனி அளவு, நாக்கு நீட்டியது மாதிரி. வீட்டிலுள்ள எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காம்பிலிருந்து பூவை உருவினோம். விடுதியில் தங்கியிருந்தவர்களில் வந்து உட்கார்ந்தது நான் மட்டுமே. விரல்கள் சிவந்தன. இரத்தத்தின் நிறம் என்றார் சென்யோரா; சிலுவையில் சொரிந்த இரத்தத்தைப் பூவாக அவருக்கே திருப்பிக் கொடுக்கிறோம். பாட்டி ஒவ்வொரு பிடியையும் கூடையில் போடும் முன்னால் அதன் மேல் மெல்ல ஊதினார், உதடுகள் அசைந்தன. அந்த மூச்சில் ஒரு பெயர் இருந்தது. பேரனுடையதா, போய்ச் சேர்ந்த கணவருடையதா, நான் கேட்கவில்லை. நானும் ஊதினேன். என் வீட்டார் பெயர்களை, என்னைப் புண்படுத்தியவர்களின் பெயர்களையும், ஒவ்வொன்றாக அந்தச் செந்நிறத்துக்குள் விட்டேன். பாதி மூச்சுதான் இருந்தது. அதுவும் போதுமாயிருந்தது.

புனிதத் திங்கள். மதியத்திலேயே சதுக்கம் நிறைந்துவிட்டது. சுற்றிலும் தள்ளுவண்டிகளில் புனித வாரத்துப் பண்டங்கள், மேலே வண்ணச் சர்க்கரை தூவிய எம்பனாதா, மக்காச்சோள மாவில் செய்த மைசில்லோ. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு திரியுன்ஃபோ ஓரமாக இடம் பிடித்தேன். பேராலயக் கோபுரத்தில் மரியா அங்கோலா அசைந்தது. 1659இல் வார்த்த மணி; ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. அதன் ஓசை காதுக்கு வருவதற்கு முன்னால் கால் வழியாக வந்தது. கல்தளம் அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்காலைத் தொட்டபோதே வாசலில் அவர் தெரிந்தார்.

கறுத்த மேனி. வெள்ளைச் சரிகை இடையாடை. வெள்ளிப் பல்லக்கு. சாய்ந்த தலை. சுமப்பவர்களின் கால்கள் ஒரே தாளத்தில் சின்னச் சின்ன அடியாக நகர, அவர் இடமும் வலமுமாக அசைந்து வந்தார். சாகிறவரின் அசைவும் பிள்ளையைத் தாலாட்டுகிற தாயின் அசைவும் அந்த ஒரே உடலில் இருந்தன. பெண்கள் கெச்சுவாவில் பாடத் தொடங்கினார்கள், மிக உச்சத்தில், கண்ணாடி இழை அளவு மெல்லிய குரலில். பலகணிகளிலிருந்து ஞுச்சு கொட்டியது. ஒரு சிவப்பு மழை. அவர் தோளில், முள்முடியில், திறந்த விலாவில். பாட்டி எறிந்தார். நான் எறிந்தேன். நான் ஊதிய பெயர்கள் அவர் மார்பில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஐயா, கண்ணால் பார்த்தேன்! அவற்றில் ஒன்றும் வழுக்கிக் கீழே போகவில்லை.

அப்போதுதான் நடுக்கம் வந்தது. குளிரால் அல்ல, ஏப்ரல் வெயில் முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் தொடங்கி, முதுகுத்தண்டு ஏறி, பல் கிட்டியது. நான் வருடக்கணக்கில் அடுக்கி வைத்த கற்கள், எனக்கு நானே கட்டிக்கொண்ட நியாயங்கள், பூசிப் பூசி வைத்திருந்த மரியாதை, எல்லாம் சரிந்தன. ஆண்டவரே, நிலத்தின் நடுக்கத்தை நிறுத்தியவர் நீர், என் நடுக்கத்தையோ நீரே தொடங்கி வைத்தீர். இடியட்டும். உமது கையால் இடிந்தது கட்டப்பட்டதைவிட உறுதியானது. பாட்டி என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கிழவியின் கையும் நடுங்கியது. அருகில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தார். அவர் தோளும் நடுங்கியது. ஒரு சதுக்கமே நடுங்கிக்கொண்டு, ஒரு கூரை ஓடும் விழாமல், நின்றது.

பவனி தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, இருட்டும் வேளையில் பேராலய வாசலுக்குத் திரும்பியது. பல்லாயிரம் பேர். பல்லக்கு உள்ளே போகாமல் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. இதற்குத்தான் ஊரே காத்திருக்கிறது: ஆசிர். சுமப்பவர்கள் பல்லக்கை முன்னால் சாய்க்க, ஆண்டவர் தலை வணங்கி எங்களை ஆசிர்வதித்தார். கூட்டம் முழந்தாளிட்டது. எழுந்த ஓலத்தை நான் எழுத்தில் கொண்டுவர மாட்டேன், அது எழுத்துக்குச் சொந்தமானதல்ல. அடுத்த புனிதத் திங்களுக்குள் இறக்கப்போகிறவர்களை அந்த நேரத்தில் தைத்தாச்சா தேர்ந்தெடுத்துவிடுகிறார் என்பது குஸ்கோ மக்களின் நம்பிக்கை. அதனால்தான் அந்த அழுகை. மறு வருடமும் உம்மைப் பார்க்க விடும் என்கிறது பாதிக் கூட்டம். போய் வருகிறேன் அப்பா என்கிறது மறுபாதி. முழந்தாளிட முடியாத பாட்டி நின்றபடியே முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அச்சம் துளியும் இல்லாத பார்வை. என்னைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, பார்த்துவிட்டேன் அல்லவா என்கிற பார்வை. மரணத்தின் நேருக்கு நேராக நின்று இவ்வளவு இன்பமாக இருக்க முடியும் என்று எந்தப் பிரசங்கமும் எனக்குச் சொன்னதில்லை.

ஆசிர் முடிந்ததும் சதுக்கம் மளமளவென்று காலியாயிற்று. சான் பிளாஸ் மேட்டில் பாட்டியை நானும் சென்யோராவும் இரு பக்கமும் தாங்கி ஏற்றினோம். வழியில் கல்லுக்குக் கல் ஞுச்சு மிதிபட்டுக் கிடந்தது. பாட்டி குனியச் சொல்லி, மிதிபடாத பூக்களை என்னைப் பொறுக்க வைத்தார், தலையணைக்கு அடியில் வைக்க. வீட்டில் ஆவி பறக்கும் கோழிச்சாறும் ஒரோபேசா ஊரிலிருந்து வரும் அகன்ற ரொட்டியும் காத்திருந்தன. அறை வாடகைக்காரி என்று என்னைத் தனியாக உட்கார வைக்கவில்லை. அடுப்படிப் பெஞ்சில், பாட்டிக்கு அடுத்து, எனக்கு இடம் போட்டார்கள். சாப்பிடும்போதே பாட்டி ஏதோ சொன்னார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்யோரா மொழிபெயர்த்தார்: "உனக்கு இங்கே ஒரு அப்பா இருக்கிறார், அவரைப் பார்க்க வராமல் இருந்துவிடாதே என்கிறார்."

வருவேன் என்றேன். முற்றத்தை ஒட்டிய அதே அறையை அடுத்த புனித வாரத்துக்கு எனக்காக வைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் வாங்க சென்யோரா மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சனிக்கிழமையே வந்து சேர வேண்டும், ஞுச்சு பறிக்க மலைக்குப் போகும்போது பாட்டியின் கூடையை நான்தான் சுமக்க வேண்டும்.