ஏலாக்குறிச்சியில் கற்ற செந்தமிழ்

சமயம் ஒன்றை எடுத்துரைக்க வருபவர் மக்கள் பேசும் மொழியை மட்டும் கற்றால் போதுமா, புலவர்கள் போற்றும் செய்யுள் வழக்கையும் அதன் இலக்கணத்தையும் முற்றக் கற்க வேண்டுமா என்னும் வினாவை ஆராய்வதற்கு, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த ஏலாக்குறிச்சியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் கோவா வந்தடைந்து, மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், திருக்காவலூர் எனத் தம் நூல்களில் போற்றிய இவ்வூரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணியை 3,615 செய்யுள்களில் பாடினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் நூற்பாக்களால் விளக்கும் தொன்னூல் விளக்கத்தையும் இயற்றினார்.

இத்தகைய கல்விக்கு அவர் சபையில் முன்மாதிரி இல்லாமலில்லை. ஜப்பானில் பணியாற்றிய ஜோவாவ் ரொட்ரிகஸ், 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சான தம் இலக்கண நூலில், பேச்சுமொழியோடு நில்லாது, மரியாதை வினைகளையும், பேச்சினின்று வேறுபட்ட ஈறுகளைக் கொண்ட கடித நடையையும், ஜப்பானியக் கவிதை மரபையும் விளக்கியிருந்தார். உயர்வழக்கு அறியாத துறவியைக் கற்றோர் அவை செவிமடுக்காது என்பது இரு நாடுகளிலும் உணரப்பட்ட உண்மை.

ஆயினும் செவிமடுக்கப்படுதல் வேறு, இறையன்பு வேறு. செந்தமிழ் இலக்கணமே இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது. வியங்கோள் என்பது 'வாழ்க', 'வருக' என்பன போல அமைந்து, இருதிணைக்கும், எண்ணுக்கும், மூவிடத்துக்கும் பொதுவாக வரும் வினைமுற்று. வாழ்த்தும் வேண்டுதலும் இவ்வடிவில் அமையும். சாபமும் இதே வடிவில் அமையும். ஈறு ஒன்றே, வேறுபாடு சொல்பவர் நெஞ்சில் உள்ளது. ஆகவே உயர்வழக்கைக் கற்றதால் மட்டும் ஒருவரின் வேண்டுதல் தூய்மை பெற்றுவிடாது. அப்படியானால் அக்கல்வியின் சமய மதிப்பு எங்கே உள்ளது? அது கற்கும் முறையில் உள்ளது என்பதே பொருத்தமான விடை. போதிக்க வந்தவர், தம் மறையை ஏற்காத புலவர்களிடம் மாணவராய் அமர்ந்து, அவர்கள் வகுத்த அளவுகோலால் தம் சொல் அளக்கப்பட இசைவது, துறவு கோரும் தன்னொடுக்கத்தின் மெய்யான வடிவமாகும்.

இப்பணிவு எல்லாத் திசையிலும் அவரிடம் நிலைத்ததாகக் கொள்ள இயலாது. தரங்கம்பாடி லுத்தரன் மறைப்பணியாளரின் மொழிபெயர்ப்புத் தமிழை அவர் கடுமையாகச் சாடினார். எளியோர்க்குப் புரியவேண்டும் என்னும் அவர்களது நோக்கம் அச்சாடலில் உரிய மதிப்பைப் பெறவில்லை. ஆனால் அவரே பேச்சுவழக்காகிய கொடுந்தமிழுக்கு 1728இல் லத்தீனில் இலக்கணம் எழுதினார் என்பதும், அதனை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம் என்பதும் நினைவுகூரத்தக்கவை.

அவருடைய பணிகளுள் அறத்தால் உயர்ந்தது 1732இல் முடிந்த சதுரகராதியே எனலாம். அதுகாறும் அருஞ்சொற்பொருள் அறிய விரும்பியவர், சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்துரைக்கும் நிகண்டுகளை ஆசிரியர் துணையோடு மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சொற்களை அகர வரிசையில் நிறுத்திய இந்நூல், எழுத்தறிந்த எவரும் செந்தமிழுக்குள் நுழைய வழிசெய்தது. அரிதின் முயன்று பெற்ற கல்வியைப் பிறர்க்கு எளிதாக்கித் தருவதில்தான் அக்கல்வி சமயக் கடமையாக நிறைவுறுகிறது.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரக் கல்லூரிகளில் தமிழ் பயில்வோர், ஏலாக்குறிச்சியைத் திருத்தலமாக மட்டும் கண்டு திரும்பாமல், தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் ஒருசேர எடுத்துப் பயில வேண்டும்.