பிரக்ஞையை எங்கே செலவிடுவது?

பல் துலக்குவது, பொத்தான் போடுவது, பழகிய சாலையில் வண்டி ஓட்டுவது என்று ஒரு நாளின் பெரும்பாலான வேலைகளை நாம் யோசித்துச் செய்வதில்லை. கை தன்பாட்டுக்கு இயங்க, மனம் வேறெங்கோ இருக்கிறது. பழக்கத்தின் வலிமை அவ்வளவு பெரியது. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, அதன்பின் நடந்தவை நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை நகர்த்தச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் முந்தைய நாள் அதே வேலையைச் செய்தது அவருக்கு நினைவில்லை.

அப்படியானால் அறிந்து செயல்படும் பிரக்ஞைக்கு என்னதான் வேலை? அது வெறும் பார்வையாளர் என்று சொல்பவர்கள் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். விரலை அசைக்க நினைத்ததை மனிதர் உணர்வதற்கு முன்பே, மூளையில் அதற்கான மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்றது அது. ஆனால் அந்த மின்மாற்றம் முடிவைக் குறிக்காமல், மூளையில் இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்று 2012-இல் ஆரன் ஷர்கரும் சகாக்களும் காட்டினார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எப்போது விரலசைத்தாலும் ஒன்றுதான் என்ற நிலையில் எடுக்கும் முடிவை வைத்து, வேலையை விடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று நாள்கணக்கில் எடைபோட்டு எடுக்கும் முடிவை அளக்க முடியாது.

பிரக்ஞையின் இடத்தை ஜப்பானிய ரயில் ஓட்டுநர்களிடம் தெளிவாகப் பார்க்கலாம். சிக்னல் வந்ததும் வெள்ளைக் கையுறை அணிந்த கையை நீட்டி அதைச் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஆயிரம் முறை பார்த்த சிக்னல்தான். அதனாலேயே கண் பார்த்தும் மனம் பார்க்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், இந்த முறையால் 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை 0.38 ஆகக் குறைந்தது. பயணம் முழுவதும் ஓட்டுநர்கள் சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பதில்லை. தவறக்கூடாத இடங்களில்தான் பழக்கத்தை நிறுத்தி மனத்தை அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு கணமும் விழிப்போடு இருக்க வேண்டும் என்று போதிப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் கவனித்தால் கால் தடுமாறக்கூடும். தேர்ந்த திறமை கவனம் கூடினாலும் குலையும். மேலும், கவனம் வரம்புள்ளது என்பதால்தான் அதைச் செலவிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கோபத்தில் பிள்ளையிடம் பேசப்போகும் சொல், படிக்காமல் போடப்போகும் கையெழுத்து, காரணமில்லாமல் கைப்பேசியை எடுக்கும் கை, இவையெல்லாம் நம் சிக்னல்கள். இன்றைய பழக்கங்களில் பலவும் ஒருகாலத்தில் நாம் அறிந்து செய்த செயல்களே. இன்று அறிந்து செய்பவை நாளைய பழக்கமாகும். ஆகவே பழகிய வேலைகளைக் கையிடம் விட்டுவிடுங்கள். இத்தகைய சிக்னல்கள் வரும் இடங்களில் மட்டும் ஒரு கணம் நின்று, முழு மனத்தோடு செயல்படுங்கள்.