அதே ஐந்து டாலர்

2011 செப்டம்பர் 29 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்கா ஓர் அறிவிப்பு விட்டது. மறு ஆண்டிலிருந்து, டெபிட் கார்டைக் கடையில் தேய்க்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து டாலர் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும். ஏடிஎம்மில் பணம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் கட்டணம் இல்லை. வங்கியில் பெருந்தொகை போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. ஆக, கொஞ்சமாக வைத்து அடிக்கடி எடுத்துச் செலவழிக்கிற ஆளின் தலையில்தான் அது விடிந்தது. நிதி நெருக்கடிக் காலத்தில் அரசு 4,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்திய வங்கி இது. அந்தப் பணத்தை 2009 இறுதியில் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றாலும் ஜனங்கள் மறக்கவில்லை. வாஷிங்டனில் வசித்த 22 வயது மாலி கேட்ச்போல் இணையத்தில் தொடங்கிய மனுவில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஓவியக்கூடம் நடத்திவந்த கிறிஸ்டன் கிறிஸ்டியன், நவம்பர் 5-க்குள் பெரிய வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து, உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கங்களான கிரெடிட் யூனியன்களில் போடுங்கள் என்று முகநூலில் அழைப்பு விடுத்தார். நவம்பர் 1 அன்று வங்கி பின்வாங்கியது. கட்டணம் ரத்து.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நவம்பர் 5, சனிக்கிழமை, ஜனங்கள் போனார்கள். அன்று ஒரே நாளில் கிரெடிட் யூனியன்களில் சுமார் 40,000 பேர் சேர்ந்ததாக அந்தச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. எந்த ஐந்து டாலருக்காகக் கோபித்துக்கொண்டு கிளம்பினார்களோ, அது நான்கு நாளுக்கு முன்பே காணாமல் போயிருந்தது. சரி, போன இடத்தில் முதலில் என்ன செய்தார்கள்? பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினராக ஒரு பங்கு வாங்க வேண்டும். அந்தப் பங்கின் வழக்கமான விலை ஐந்து டாலர். ஒரு கவுன்ட்டரில் கட்ட மறுத்த அதே தொகையை இன்னொரு கவுன்ட்டரில் மனமுவந்து எண்ணி வைத்தார்கள். இந்த ஒற்றுமை தற்செயல்தான். இருந்தும் அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு ஐந்து டாலருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிடும் என்று தோன்றுகிறது.

காகிதத்தில் வித்தியாசம் தெளிவு. வங்கி கேட்டது போனால் வராது. சங்கம் கேட்பது உறுப்பினர் பெயரிலேயே இருக்கும், விலகும்போது கைக்குத் திரும்பும். அதோடு ஓர் ஓட்டும் வரும். கணக்கில் இருநூறு டாலர் வைத்திருப்பவருக்கும் இரண்டு லட்சம் வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. வெளியே பங்குதாரர் என்று யாரும் இல்லாததால் மிஞ்சுகிற பணம் போவதற்கு வேறு இடமும் இல்லை. கடன் வட்டி கொஞ்சம் குறைவதிலும் சேமிப்பு வட்டி கொஞ்சம் கூடுவதிலும்தான் அது கரைய வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் நல்லவர்கள் ஒரு பக்கம், பேராசைக்காரர்கள் மறு பக்கம் என்று கோடு கிழிக்கிறவர்கள், அந்தக் கட்டணம் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. கார்டு தேய்க்கப்படும்போதெல்லாம் கடைக்காரர் வங்கிக்கு ஒரு கழிவு கொடுக்கிறார். சராசரியாக 44 சென்ட் இருந்த அந்தக் கழிவுக்கு, டர்பின் திருத்தம் என்ற சட்டப்பிரிவின் கீழ் 2011 அக்டோபர் 1 முதல் சுமார் 21 சென்ட்டில் உச்சவரம்பு வந்தது. கடைக்காரரிடம் இழந்ததை வாடிக்கையாளரிடம் பிடிக்கப் பார்த்தது வங்கி. அந்த வரம்பு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். மிகச் சில தவிர கிரெடிட் யூனியன்கள் எல்லாமே அதற்குக் கீழே. அவை பழைய கழிவை வாங்கிக்கொண்டே போகலாம். போதாததற்கு, அவற்றுக்குக் கூட்டரசு வருமான வரியும் கிடையாது. வங்கிக்காரர்கள் இதைச் சொல்லித்தான் பொருமுகிறார்கள், அந்தப் பொருமலில் நியாயம் இல்லாமல் இல்லை. கார்டு இலவசமாக இருந்ததற்குச் சங்கத்தின் தர்ம சிந்தனை ஒரு காரணம் என்றால், சட்டம் விட்ட இடைவெளி இன்னொரு காரணம்.

அந்த ஐந்து டாலருக்கு வயதும் அதிகம். 1900 டிசம்பரில் கனடாவின் லெவி என்ற ஊரில் அல்ஃபோன்ஸ் டெஜார்தென் தொடங்கிய மக்கள் சேமிப்புச் சங்கத்திலும் ஒரு பங்கு ஐந்து டாலர்தான். அதை வாரம் பத்து சென்ட்டாகக் கட்டலாம் என்று வைத்திருந்தார். ஒரு முழுப் பங்கு சேர ஏறக்குறைய ஓர் ஆண்டு. நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில், பிரெஞ்சு பேசிய ஆலைத் தொழிலாளர்களுக்காக அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியனை அமைக்க உதவியவரும் இவரே. இதற்கெல்லாம் மூலம், ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை அமைத்த ரைஃபைசன். அவர் பெயர் சென்னை ராஜதானிக்கு இன்னொரு வழியில் வந்து சேர்ந்தது. விவசாய வங்கிகளைப் பற்றி ஆராய அரசு நியமித்த ஃப்ரெடெரிக் நிக்கல்சன், 1895-இலும் 1897-இலும் கொடுத்த பருமனான அறிக்கையில், ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி என்று முடித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, ராஜதானியின் திரூரில் சங்கம் பிறந்தது. மூன்றாண்டு கழித்து பாஸ்டன் ஜவுளிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் உலகம் சுற்றப் புறப்பட்டு, வங்காளக் கிராமங்களில் இப்படிப்பட்ட சங்கங்களைப் பார்த்தார். ஊர் திரும்பியவர் 1909-இல் மாசச்சூசெட்ஸில் கிரெடிட் யூனியன் சட்டம் வரத் துணைநின்று, பிறகு நாடு முழுக்க அதைப் பரப்பத் தன் சொத்திலிருந்து வாரி இறைத்தார். அமெரிக்கர் இந்தியக் கிராமத்தில் வங்கித் தொழில் படித்தார் என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரைஃபைசனின் சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்புக்கு எல்லை இல்லை. சங்கம் நொடித்தால் அவரவர் வீடும் நிலமும் கடனுக்கு ஈடு. அதனால்தான் ஒரு சங்கம் ஒரு சின்ன வட்டாரத்தைத் தாண்டாது. வாங்கிய கடனில் பக்கத்து வீட்டுக்காரன் மாடு வாங்கினானா, குடித்துத் தீர்த்தானா என்று பார்க்க எல்லோருக்கும் வலுவான காரணம் இருந்தது.

இன்றைய ஐந்து டாலர் ஒரு காப்பிக்குச் சரியாகும். வாரம் பத்து சென்ட்டாகச் சேர்த்த பங்குக்கு இருந்த கனம் இதற்கு இல்லை. கூட்டத்துக்குப் போவோர் சிலர், இயக்குநர் தேர்தலில் ஓட்டுப் போடுவோர் சிலர், பல இடங்களில் போட்டியே கிடையாது. அப்படியானால் இந்த உடைமை வெறும் பேச்சா என்று கேட்கலாம். முழுக்கப் பேச்சு இல்லை என்பேன். உறுப்பினர்கள் தூங்கினாலும் அமைப்பு கொஞ்சம் வேலை செய்கிறது, லாபத்தை உறிஞ்ச ஆள் இல்லாததே அதன் வேலை. வசதிக் குறைச்சல் என்ற ஆட்சேபமும் நிற்காது. சங்கங்கள் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஏடிஎம்கள் சுமார் 30,000 உண்டு. மாறுவதில் உள்ள சிரமம் வேறு வகை. புதுக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அங்கே திருப்பி, பழைய கணக்கைச் சில மாதம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் தானாகப் போகிற தவணைகள் கண்ணில் படும், ஆண்டுக்கு ஒரு முறை போகிற காப்பீட்டு பிரீமியம் படாது. அதற்காகப் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் விரித்து வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். எரிச்சலான வேலை. ஆனால் மனிதர் தன் பணம் எங்கே போகிறது என்று கவனிப்பது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு கவனம் போய்விடுகிறது.

போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. மஞ்சள் டாக்ஸி ஓட்ட ‘மெடாலியன்’ என்ற உரிமம் வேண்டும். அதை வாங்கக் கடன் கொடுத்தவற்றில் முக்கியமானவை கிரெடிட் யூனியன்கள். குவீன்ஸில் இருந்த மெல்ரோஸ் அவற்றில் பெரியது. கடன் வாங்கிய ஓட்டுநர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள், தெற்காசியர்கள் ஏராளம். சங்கத்துக்கு உறுப்பினர்களும் அவர்கள்தான், அதாவது சட்டப்படி அந்தச் சங்கத்தின் சொந்தக்காரர்கள். உரிமத்தின் விலை ஏறி 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்ற வகைக் கடன்கள் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. ஊபர் வந்தது, விலை சரிந்தது, நூற்றுக்கணக்கான உரிமக்காரர்கள் திவாலானார்கள். 2017 பிப்ரவரியில் அரசு மெல்ரோஸைக் கையில் எடுத்தது, 2018 ஆகஸ்டில் மூடியது. பெரிய வங்கியின் பேராசை என்று இதைத் தள்ளிவிட வழியில்லை. ஓட்டுநரின் ஓட்டு அவர் கையில்தான் இருந்தது.

இதற்கு ஒரு பதில் உண்டு. சேமித்தவர்கள் யாரும் காப்பீட்டு வரம்புக்குள் ஒரு காசு இழக்கவில்லை. வங்கியானாலும் சங்கமானாலும் இரண்டரை லட்சம் டாலர் வரை அரசின் காப்பு இருக்கிறது. எத்தனையோ வயோதிகர்களின் தூக்கத்தைக் காத்தது அது, அதைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அண்டை வீட்டுக்காரனை உற்றுப் பார்த்த அந்தப் பழைய கண்ணை மூடிவிட்டதும் அதுவேதான். நிலம் பறிபோகும் என்ற பயத்தில் பிறந்த விழிப்பு, பயம் போனதும் தங்குவதாக இல்லை. எல்லையற்ற பொறுப்பைத் திரும்பக் கொண்டுவா என்று புத்தி உள்ள யாரும் கேட்க மாட்டார்கள். அது ஏழையை ஏழை உளவு பார்க்கிற ஏற்பாடும்கூட.

ஆகவே என் கட்சி இவ்வளவுதான்: வங்கியை விட்டு வருவது பாதி, மீதிப் பாதி அந்த ஓட்டைப் பயன்படுத்துவது. எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் டாக்ஸி ஓட்டிவிட்டு வருகிற மனிதரிடம், ஒரு மாலையை ஒதுக்கி ஆண்டுக் கூட்டத்துக்குப் போ, வரவு செலவு அறிக்கையைப் படி, இயக்குநரை எழுந்து நின்று கேள்வி கேள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தாலும் அந்த அறிக்கையில் ஆபத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? உரிமத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கணக்கு அழகாகவே இருந்திருக்கும். அதைப் பார்த்து அவர் கடனைக் குறைக்கச் சொல்லியிருப்பாரா, இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பாரா என்பதில் என்னால் ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை.