கணக்கு யார் பெயரில்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. டவுணில் ஜும்ஆ முடிந்து பள்ளி வராந்தாவில் நாம் அமர்ந்திருந்தபோது, பேட்டையைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி அருகில் வந்து அமர்ந்தார். துபாயில் வேலை கிடைத்திருக்கிறதாம். பத்து நாளில் பயணமாம். துஆச் செய்யச் சொன்னார். செய்தோம். பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஹஜ்ரத், அங்கே போனதும் பாங்கில் கணக்குத் தொடங்கணுமாம். இங்கேயும் வெளிநாட்டில் இருக்கிறவங்களுக்குன்னு தனிக் கணக்கு உண்டுங்கிறாங்க. மாமா என்னடான்னா, 'எதுக்குடே இந்த அலைச்சல்? எங் கணக்குக்கே அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன்'ங்கிறாங்க. உம்மாவும் சரிங்கிறாங்க. மார்க்கத்தில் இதுக்கு ஏதும் இருக்கா?"

கேள்வியைக் கேட்டதும் நம் நெஞ்சு ஒரு கணம் நின்றுபோயிற்று. ஏனெனில், ஏறத்தாழ இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சகோதரர் நம்மிடம் கேட்டார். அன்று நாம் சொன்ன பதிலுக்காக இன்றுவரை அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சகோதரர் சவூதியில் வேலை பார்த்தவர். ஊரில் தமக்கென்று கணக்கு வைத்துக்கொள்ளாமல், தம்பியின் கணக்குக்கே மாதாமாதம் அனுப்பி வந்தார். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, "தம்பியிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். "கூடப்பிறந்தவனிடம் எழுத்து எதற்கு? மனம் வருந்துவானே!" என்றோம் நாம். அதோடு விட்டுவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. அங்கேயே மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இங்கே மனைவி, வயதான தாய், மூன்று பிள்ளைகள். "வந்த பணத்தில் பாதி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் போயிற்று, மீதியைக் காக்கா எனக்கென்றே தந்தார்கள்" என்றார் தம்பி. அவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. மெய் சொன்னார் என்றும் சொல்ல முடியவில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரு துண்டுச் சீட்டுக்கூட யாரிடமும் இல்லை. மத்தியஸ்தம் பேசப் போன நம்மைத் திரைக்கு அப்பாலிருந்து அந்தப் பெண் கேட்டார்: "எழுத வேண்டாம்னு சொன்னது நீங்கதானே, ஹஜ்ரத்?"

முஸ்லிம் பெருமக்களே! இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. நாம் அன்று தம்பியின் மனத்தைப் பார்த்தோம், திருமறையைப் பார்க்கவில்லை. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தொகை சிறிதென்றோ பெரிதென்றோ பாராமல் எழுதச் சொல்கிறது. சாட்சி வைக்கச் சொல்கிறது. எழுதத் தெரிந்தவன் மறுக்கலாகாது என்கிறது. பிற்பாடு சந்தேகம் எழாமல் இருப்பதற்கு இதுவே வழி என்றும் காரணம் காட்டுகிறது. ஆகவே எழுத்து என்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. இரு சகோதரர்களுக்கிடையே ஷைத்தான் நுழையாமல் இறைவன் போட்டுத் தந்த வேலி அது.

இனி, வெளிநாடு செல்லும் ஒருவர் வங்கியில் கணக்குத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, படிவத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் கணக்குத் தொடங்க பாஸ்போர்ட், அங்கே வசிப்பதற்கான விசா, அந்நாட்டு அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த அட்டையை அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி என்பர். சவூதியில் இகாமா என்பர். வேலை தரும் நிறுவனத்தின் சம்பளக் கடிதத்தையும் கேட்பதுண்டு. அமீரகத்தில் 2009 முதல் சம்பளத்தை வங்கி வழியாகவே தர வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் கூலி பதிவில் ஏறுவது அவருக்கே பாதுகாப்பு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்; இந்த ஏற்பாட்டின் அருமை நமக்குத் தெரிய வேண்டும்.

அறையில் கூட இருப்பவர், "எனக்கு இன்னும் அட்டை வரவில்லை, உங்கள் கணக்கில் என் பணம் வந்து போகட்டும்" என்று கேட்பார். இரக்கப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். கணக்கையும் கார்டையும் இரவல் கொடுத்து, யாரோ ஏமாற்றிச் சேர்த்த பணம் தம் பெயரில் வந்து போனதால் சிறைப்பட்டவர்கள் உண்டு. அவருக்கு உதவ வேண்டுமானால் கைமாற்றுக் கொடுங்கள்; பெயரைக் கொடுக்காதீர்கள். விசாவும் கணக்குப் படிவமும் நீங்கள் அந்நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள். உடன்படிக்கையைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 34ஆவது வசனம் எச்சரிக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். வேலைக்காக வெளிநாடு சென்றவர், உள்ளூர்வாசிக்குரிய பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் ஈட்டியதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு இருக்கிறது, 1970ஆம் ஆண்டிலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அதில் போட்டதைத் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாம். நிலையாக ஊர் திரும்பியதும் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும். இவற்றை விட்டு உண்டியல் வழி தேடுவோர், பணம் போய்ச் சேராவிட்டால் கேட்க ஆளின்றி நிற்பர்.

இரண்டாவது, வட்டி. வங்கி தரும் வட்டியும் மார்க்கம் தடுத்த ரிபாவே என்று 1965இல் கெய்ரோவில் அல் அஸ்ஹரின் ஆய்வு மன்றத்து உலமாக்களும், 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி உலமாக்களும் தீர்மானித்தனர். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அரசு வரி போடாததால் அது ஹலால் ஆகிவிடாது.

வழி இல்லாமலில்லை. துபாய் இஸ்லாமிய வங்கி 1975இலும், குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் 1977இலும் தொடங்கின. இத்தகைய வங்கிகளில் நடப்புக் கணக்கில் போடும் பணம் கடனாகக் கொள்ளப்படும்; போட்டதற்கு மேல் எதுவும் வராது. சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் முளாரபா என்னும் கூட்டு வியாபார முறையில் நடக்கும். லாபம் வந்தால் பங்கு, வராவிட்டால் இல்லை. படிவத்தில் எது என்று கேட்டறிந்து கையொப்பமிடுங்கள். இந்தியாவில் வட்டியில்லாத நடப்புக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். சேமிப்புக் கணக்குத்தான் என்றாகிவிட்டால், ஏறிய வட்டியைத் தனியே குறித்து வைத்து, நன்மையை நாடாமல் ஏழை எளியோருக்குக் கொடுத்துத் தலைமுழுகிவிடும்படியே உலமாக்கள் பலர் கூறுகின்றனர். அதை ஜகாத்தில் சேர்க்காதீர்கள், ஜகாத் வேறு.

மூன்றாவது, அனுப்பும் பணம் யாருடையது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு அனுப்புகிறீர்கள், அது வீட்டுச் செலவா, அவருக்கே தந்த அன்பளிப்பா, நீங்கள் வரும்வரை வைத்திருக்கத் தந்த அமானிதமா? தம்பிக்கு அனுப்புகிறீர்கள், அது உதவியா, கடனா? இவற்றுக்கு மார்க்கத்தில் வெவ்வேறு சட்டங்கள். அனுப்பியவர் மனத்தில் ஒன்றும் வாங்கியவர் மனத்தில் ஒன்றுமாக இருந்தால், இருவருமே நல்லவர்களாயினும் சண்டை வரும்.

நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டுப் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். அன்னாரைக் கொல்லக் காத்து நின்ற அதே ஊராரின் பொருள்கள் அன்னாரிடம்தாம் அமானிதமாக இருந்தன. பயணம் உயிருக்கு அஞ்சிய பயணம். எனினும் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்தி, ஒவ்வொன்றையும் உரியவரிடம் ஒப்படைத்த பிறகே புறப்பட்டு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். எது யாருடையது என்ற கணக்குத் தெளிவாக இருந்ததாலன்றோ அது முடிந்தது?

நான்காவது, நாமினி என்ற கட்டம். இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் முழுதும் சொந்தம் என்று எண்ணுகிறார்கள். மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான் நாமினி. அதன் உரிமை வாரிசுகளுக்கே என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1983இல் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றிலும், 2010இல் வங்கிக் கணக்கு வழக்கொன்றிலும் உறுதி செய்திருக்கிறது. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். நால்வரை எழுதினாலும் நால்வரும் அமானிததாரர்களே.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடனும் வஸிய்யத்தும் போக 24 லட்சம் ரூபாய் இருக்கிறது. மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள் இருக்கின்றனர். தந்தை முன்பே காலமாகிவிட்டார். அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12ஆவது வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தில் மகனுக்கு 8 லட்சத்து 50 ஆயிரம். மகள் ஒவ்வொருவருக்கும் 4 லட்சத்து 25 ஆயிரம். மனைவி நாமினியாக இருந்து 24 லட்சத்தையும் தாமே வைத்துக்கொண்டால் கிழவியின் 4 லட்சம் அவர் வயிற்றில் நெருப்பு. தாய் நாமினியாக இருந்து மருமகளை வெறுங்கையோடு அனுப்பினால், அதுவும் அப்படியே. கொடுக்காமல் நின்ற மஹர் இருந்தால் அது கடன். பங்கு வைக்குமுன் அதைத் தீர்க்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் கணக்கை நடத்த நீங்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம் உங்கள் மூச்சோடு முடிந்துவிடும். அதன்பின் அதைக் காட்டி யாரும் பணம் எடுக்கலாகாது. கைபேசியின் இரகசிய எண் தெரியும் என்பதற்காக எடுப்பதும் கூடாது.

நபித்தோழர் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு புகாரி ஷரீஃபில் வருகிறது. மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். காணாமல் போய்விட்டால் கொடுத்தவருக்கு நஷ்டமாகிவிடுமே என்று அஞ்சி, "இது அமானிதமன்று, நான் பட்ட கடன்" என்று தம் பொறுப்பிலேயே ஏற்றுக்கொள்வார்கள். ஜமல் போரின்போது தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தமக்குள்ள பெருங்கவலை அந்தக் கடன்களே என்று கூறி, சொத்துக்களை விற்றேனும் அடைக்கச் சொன்னார்கள். அவர்கள் ஷஹீதான பின் மகனார் கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம் இருந்தது. நிலங்களை விற்று அடைத்தார்கள். மற்ற வாரிசுகள் பங்கைக் கேட்டபோதும் உடனே கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், "ஜுபைரிடம் எவருக்கேனும் வரவேண்டியது இருந்தால் வாருங்கள்" என்று அறிவிப்புச் செய்தார்கள். அதன் பிறகே சொத்தைப் பங்கு வைத்தார்கள். தந்தையின் பெயரில் இருப்பதெல்லாம் தந்தையுடையதன்று என்பதை அந்த மகன் அறிந்திருந்தார்.

அந்தப் பேட்டை இளைஞரிடம் இவ்வளவையும் சொல்லி, "தம்பி, கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மாமாவுக்கு அனுப்புவது எதற்கென்று ஒரு தாளில் எழுதி, இரு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். மாமா மனம் வருந்தினால் நம்மிடம் அழைத்து வாருங்கள்" என்றோம்.

அடுத்த வெள்ளியன்று மாமாவையே அழைத்து வந்துவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நம்முடைய பழைய பிழையை மறைக்காமல் அவரிடம் சொன்னோம். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், எங்க வாப்பா வயலை வித்த காசில் இவன் உம்மா பங்கு இன்னும் எங் கணக்கில்தான் கிடக்கு. நான் பாத்துக்கிடுதேன்னு வச்சவன்தான். எம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நான் நாளைக்கே மவுத்தாயிட்டா அவனுக எல்லாம் வாப்பா காசுன்னுல்லா பங்கு வச்சிருவானுக! எனக்கும் ஒரு தாள் எழுதித் தாங்க."

எழுதினோம். மருமகனுடைய தாள் ஒன்று, மாமாவுடைய தாள் ஒன்று. இரண்டிலும் நாமே சாட்சிக் கையொப்பம் இட்டோம்.

சகோதரர்களே, தாய்மார்களே! இன்றிரவு இஷாவுக்குப் பின் உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுடையது எவ்வளவு, பிறருடையது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வீட்டாருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹு தஆலா அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆவது வசனத்தில் கட்டளையிடுகிறான். அக்கட்டளையை நம் மவுத்துக்குப் பின்னும் நம் வீட்டார் நிறைவேற்ற, அந்த ஒரு தாள் போதும்.

யா அல்லாஹ்! தூர தேசங்களில் உழைக்கும் எங்கள் மக்களின் ஈட்டத்தில் பரக்கத்துச் செய்வாயாக! எங்கள் பெயரில் இருக்கும் பிறர் பொருளோடு எங்களைக் கப்ரில் வைத்துவிடாதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.