தவறிய அம்பின் விலை

ஹதீஸ் தொகுப்பான சஹீஹ் முஸ்லிமில் ஒரு சிறிய நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. குறைஷி குலத்து இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி நிறுத்தி அதன்மேல் அம்பெய்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பறவைக்குச் சொந்தக்காரனோடு அவர்களுக்கு ஓர் ஒப்பந்தம்: குறி தவறும் ஒவ்வொரு அம்பும் அவனுக்கு. நபித்தோழரான இப்னு உமர் அந்த வழியாக வருவதைக் கண்டதும் கலைந்து ஓடுகிறார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்துகிறவனை நபிகள் சபித்திருக்கிறார் என்கிறார் அவர். இதில் சாபத்தைவிட யோசிக்கவைப்பது அந்த ஒப்பந்தம்தான். உண்பதற்காக அவர்கள் எய்யவில்லை. பறவை பயிரை அழித்தது என்றும் எய்யவில்லை. கட்டணமும் கணக்கும் உள்ள ஒரு சின்ன விளையாட்டு அது. வேட்டையாடிய, இறைச்சி உண்ட, பலி கொடுத்த ஒரு சமூகம் அது. கொல்வதை அனுமதித்த ஒரு மார்க்கம் இந்தக் கொலையை மட்டும் ஏன் தனியே பிரித்துச் சபித்தது?

கேள்வி பழைய ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குளிர்கால வார இறுதிகளில் கொயோட்டி கொல்லும் போட்டிகள் நடக்கின்றன. கொயோட்டி நம் நரியைவிடப் பெரியது, ஓநாய்க்கு நெருங்கிய உறவு. வேட்டைக்காரர்கள் அணி அணியாகப் பணம் கட்டிப் பதிவு செய்கிறார்கள். ஒன்றோ இரண்டோ நாள் கெடு. கெடு முடிந்ததும் வண்டியிலிருந்து சடலங்களை இறக்கி எடை போடுகிறார்கள். அதிக எண்ணிக்கைக்கு ஒரு பரிசு, கனமானதற்கு ஒன்று, சில இடங்களில் மிகச் சிறியதற்கும் ஒன்று. பரிசு பணமாகவோ துப்பாக்கியாகவோ பெல்ட் பக்கிளாகவோ இருக்கும். இதற்கு மேல் பக்கப் பந்தயமும் உண்டு. அதற்கு அங்கே வழங்கும் பெயர் 'கல்கத்தா'. வெள்ளைக்காரர் காலத்துக் கல்கத்தாவின் குதிரைப் பந்தயக் குலுக்கலிலிருந்து கிளம்பிய சொல் டெக்சஸ் வரை போய்க் கொயோட்டிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. டெக்சஸின் சான் ஏஞ்சலோவில் பாப்கேட் என்னும் காட்டுப்பூனைக்காக நடக்கும் போட்டியில் பரிசுத்தொகை மொத்தமாக 1 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. ஏமாற்றைத் தடுக்க, வென்றவர்களைப் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்காரவைக்கிறார்கள். விதிப்படி சுட்டாயா என்று கேட்கும் அந்தக் கருவிக்கு, எதற்காகச் சுட்டாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விலங்கை வரவழைக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட முயலின் அலறலை மின்னணு ஒலிப்பெட்டியில் ஒலிக்கவிடுவார்கள். அல்லது கொயோட்டிக் குட்டியின் கதறலை. குட்டியின் குரல் கேட்டு ஓடிவரும் தாயோ தந்தையோ துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்கும். அரபு இளைஞர்களின் பறவைக்குக் காலில் கட்டு, இதற்குப் பாசத்தில்.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்களே. 2008இல் தொடங்கப்பட்ட 'ப்ராஜெக்ட் கொயோட்டி' போன்ற அமைப்புகள் பின்னால் நின்றன என்றாலும், வனவிலங்கு ஆணையக் கூட்டங்களில் வரிசையில் நின்று, கிடைத்த சில நிமிடங்களில் பேசிவிட்டு இறங்கியவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள், பண்ணையாளர்கள், வேட்டைக்காரர்கள். கலிபோர்னியாவின் மோடாக் மாவட்டத்தில் ஆடின் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் நடந்த கொயோட்டி வேட்டையை ஒட்டி எழுந்த எதிர்ப்புதான் 2014 டிசம்பரில் அம்மாநிலம் முழுவதற்குமான தடையாக முடிந்தது. பிற மாநிலங்களுக்கு அதுவே முன்மாதிரி. மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடை நடத்திய போட்டி அக்கம்பக்கத்தாரின் கண்ணில் பட்டு, 2019இல் அங்கும் தடை வந்தது. வெர்மாண்ட், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, வாஷிங்டன், மேரிலாந்து என்று நீண்ட வரிசையில் 2023இல் ஓரிகனும் நியூயார்க்கும் சேர்ந்தன. ஆனால் இந்தச் சட்டங்களைப் படிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது ஒரு விசித்திரம். கலிபோர்னியாவிலும் நியூ மெக்சிகோவிலும் கொயோட்டியை ஆண்டு முழுவதும், எண்ணிக்கை வரம்பின்றிச் சுடலாம்; பரிசுக்காகச் சுட்டால் மட்டுமே குற்றம். அதே விலங்கு, அதே தோட்டா, அதே சாவு. இது சட்டத்தின் அரைகுறைத்தனம் என்று போட்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். விலங்குரிமைக்காரர்களிலும் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். என் கருத்து வேறு. அந்த விசித்திரத்துக்குள்தான் அறம் இருக்கிறது.

முதலில் போட்டிக்காரர்களின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம்: கொயோட்டி ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது, அதைக் கட்டுப்படுத்த வேண்டும், போட்டி அதற்கு ஒரு வழி. ஆட்டுக்கிடை வைத்திருப்பவனின் நஷ்டம் பொய்யல்ல. ஆனால் நஞ்சு, பொறி, தலைக்குப் பரிசு என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த போரின் முடிவு என்ன? மேற்குப் புல்வெளிகளின் விலங்காக இருந்த கொயோட்டி இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. 1975இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கானலியும் லாங்ஹர்ஸ்டும் போட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் முக்கால் பங்கைக் கொன்றுகொண்டே இருந்தாலும் இனம் அழிய 50 ஆண்டுகளாகும். கூட்டம் சிதைந்தால் அதுவரை ஈனாத பெண் விலங்குகளும் ஈனத் தொடங்கும், குட்டிகளில் அதிகம் பிழைக்கும், காலியான நிலத்துக்கு அயல் விலங்குகள் வந்து சேரும். ஒரு வார இறுதியில் விழும் சில டஜன் உடல்கள் இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. அதைவிடப் போட்டியின் விதிகளே இந்த வாதத்தைக் கைவிட்டுவிடுகின்றன. ஆட்டைத் தின்றது எது, தின்னாதது எது என்று எடைமேடையில் யாரும் பார்ப்பதில்லை. கிடையே இல்லாத நிலத்தில் சுட்டதற்கும் அதே புள்ளி. மிகச் சிறிய விலங்குக்குப் பரிசு தருகிற கட்டுப்பாட்டுத் திட்டம் உலகில் எங்காவது உண்டா?

ஆக, காரணம் என்று சொல்லப்படுவது காரணமல்ல. கொலையில் காரணத்துக்கு என்ன எடை என்று சமண மரபைப் போலக் கூர்மையாக யோசித்தவர்கள் குறைவு. இல்லறத்தாரின் ஹிம்சையை அது நான்காகப் பிரிக்கிறது. சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலான தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தாக்க வருவதைத் தடுப்பதில் நேர்வது விரோத ஹிம்சை. கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கல்ப ஹிம்சை. முதல் மூன்றும் குற்றமற்றவை என்று சமணம் சொல்லவில்லை. இல்லறத்தானால் முழுக்க விட முடியாதவை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறது. நான்காவதை அவனும் விட்டே தீர வேண்டும். கிடையைக் காக்கச் சுடும் ஆட்டுப் பண்ணைக்காரன் மூன்றாவது வகையில் நிற்கிறான். எடைமேடைக்குக் கொண்டுபோகிறவன் நான்காவதில். இது இந்தியப் பிரிவினை, அங்கே பொருந்தாது என்று தள்ளிவிடவும் முடியாது. 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரின் தலைமை ரபியான எசக்கியேல் லாண்டாவிடம் காடுகள் கொண்ட பெருநிலத்துக்குச் சொந்தக்காரரான செல்வர் ஒருவர் வேட்டைக்குப் போகலாமா என்று கேள்வி அனுப்பினார். மனிதத் தேவைக்காக விலங்கைக் கொல்வதற்கு யூதச் சட்டத்தில் தடையில்லை என்று ஒப்புக்கொண்டுதான் லாண்டா தொடங்குகிறார். பிழைப்புக்கு வேட்டையாடும் ஏழைக்கு அனுமதியும் தருகிறார். ஆனால் பொழுதுபோக்குக்காகக் கொல்வது ஆபிரகாமின் வழிவந்தவர்களுக்கு ஆகாத கொடுமை. தோராவில் வேட்டைக்காரர்களாக வருகிறவர்கள் நிம்ரோதும் ஏசாவும் மட்டுமே என்று எடுத்துக்காட்டுகிறார். அரபு மண், இந்தியச் சமணம், பிராக் நகர யூதம் — ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியதாகத் தெரியாத மூன்று மரபுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன.

சரி, பொழுதுபோக்கு என்று ஏன் கொச்சைப்படுத்த வேண்டும், அது ஒரு திறமை அல்லவா என்று கேட்கலாம். பொறுமை, காற்றின் திசை அறிதல், குறி, எல்லாம் உண்மை. இதற்குப் பதில் துப்பாக்கிப் போட்டிகளின் வரலாற்றிலேயே கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அவை உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுடும் போட்டிகளாக இருந்தன. 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணில் ஒரு வட்டத்தட்டைச் செய்து காற்றில் வீசிக் காட்டினார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுமார் 300 புறாக்கள் கொல்லப்பட்ட பிறகு அந்த அரங்கு உயிருக்குத் திரும்பவில்லை, மண்தட்டே நிலைத்தது. இங்கே போட்டிக்காரர் ஒரு கவைக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். மண்தட்டாலோ கேமராவாலோ அந்தத் திறமையை முழுக்கச் சோதித்துவிட முடியும் என்றால், கொல்லப்பட்ட விலங்கு வீணாகச் செத்தது. முடியாது, ஏதோ குறைகிறது என்றால், அந்தக் குறைகிற ஏதோ ஒன்று சாவுதான். அதாவது அவர் தேடியது சாவை. இரண்டில் எந்தப் பக்கம் போனாலும், வேட்டைக்காரர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை நிற்காது.

தடைக்காகப் பேசுகிறவர்கள் பலர் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்டின் பக்கம் சாய்கிறார்கள், அவர் பெயரைச் சொல்லாமலே. விலங்கைக் கொடுமைப்படுத்துகிறவன் தன் மனிதத்தன்மையைக் கெடுத்துக்கொள்கிறான், நாளை மனிதர்களிடமும் அப்படியே நடப்பான் என்பது கான்ட்டின் வாதம். எடைமேடையைச் சுற்றிக் குழந்தைகள் நிற்கும் புகைப்படங்களைப் பார்த்தால் இது மனதில் தைக்கத்தான் செய்யும். ஆனாலும் இதை மட்டும் நம்பினால் வாதம் ஆட்டம் காணும். ஆளில்லாத தீவில் நல்லொழுக்கமுள்ள முதியவர்கள் நாலு பேர் நடத்தும் போட்டியில் யாருக்கும் எதுவும் கெடாது. அப்போது தவறு மறைந்துவிடுமா? கொயோட்டிக்கு ஒரு வாழ்வு இருந்தது: துணை, குட்டிகள், மனப்பாடமான ஒரு நிலம். அதைப் பறிப்பவன் பறிக்கப்படுவதற்கு ஈடாக ஏதாவது ஒரு காரணத்தையாவது தர வேண்டும். பசித்தவனும் கிடைக்காரனும் அந்த விலங்கை விலங்காகப் பார்த்தே கொல்கிறார்கள், ஒருவன் உணவாக, மற்றவன் பகையாக. போட்டியாளனுக்கு அது எந்தக் கொயோட்டியாகவும் இருந்திருக்கலாம். அதன் சாவில் அதற்கே இடமில்லை. அநீதி கொயோட்டிக்கே இழைக்கப்படுகிறது; மனிதன் கெடுவது அதன் பிறகு.

இரட்டை வேடம் என்ற குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது, அதில் பாதி நியாயம். நியூயார்க் சட்டம் மான், கரடி, வான்கோழிப் போட்டிகளைத் தொடவில்லை. மீன்பிடிப் போட்டிகள் நாடெங்கும் தடையின்றி நடக்கின்றன. மான் வேட்டையில் அனுமதிச்சீட்டும் எண்ணிக்கை வரம்பும் உண்டு, இறைச்சி வீட்டுக்குப் போகிறது, பரிசு மேலே ஒட்டப்பட்டது மட்டுமே என்று சொல்லலாம். அது ஓரளவு எடுபடும். மீனுக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வாக்கு எண்ணிக்கை பார்த்து எழுதப்பட்ட சட்டம் எல்லா உயிருக்கும் ஒரே அளவுகோலை வைக்காது. கூட்டரசின் வனவிலங்குத் துறையே ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொல்கிறது. போட்டித் தடையால் பிழைக்கும் விலங்குகள் அதன் முன் சொற்பம். ஆனால் எல்லாக் கொலையையும் நிறுத்த முடியாதவன் எந்தக் கொலையையும் கேள்வி கேட்கக்கூடாது என்றால், தாக்க வந்தவனைத் தடுத்துக் கொன்றவனுக்கும் பணயம் வைத்துக் கொன்றவனுக்கும் நீதிமன்றம் வேறு வேறு தண்டனை தருவதையும் நிறுத்திவிடலாம்.

கடைசியாக, நகரத்தார் கிராமத்தின் சந்தோஷத்தைக் கெடுக்கிறார்கள் என்ற மனக்குறை. கரடிச் சண்டையைப் பியூரிட்டன்கள் என்ற கடும் ஒழுக்கக் கிறிஸ்தவர்கள் வெறுத்தது கரடியின் வலிக்காக அல்ல, பார்வையாளரின் மகிழ்ச்சிக்காக என்று வரலாற்றாசிரியர் மெக்காலே அவர்களைக் கேலி செய்தார்; அதே கேலி இன்றும் வீசப்படுகிறது. கேலியில் ஓர் உண்மை இருக்கிறது: அந்த மகிழ்ச்சி எதனால் ஆனது என்று கேட்கத்தான் வேண்டும். பென்சில்வேனியாவின் ஹெஜின்ஸில் 1934 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர் தினத்தன்று ஆயிரக்கணக்கில் புறாக்களைச் சுட்டார்கள். குற்றுயிராய்க் கிடந்தவற்றைப் பொறுக்கிக் கழுத்தைத் திருகும் வேலை ஊர்ச் சிறுவர்களுடையது. ஆண்டுக்காண்டு எதிர்ப்பாளர்கள் வந்தார்கள், கைதானார்கள், ஊர் இன்னும் இறுகியது. 1999இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் அது நின்றது. நம் சேலம் பக்கத்தில் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஓடவிடுவதையும் வனத்துறை அபராதம் போட்டுப் போட்டுத்தான் அடக்கப் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் கை எங்கும் கசக்கவே செய்யும். ஜார்ஜியா மாநிலத்தின் க்ளாக்ஸ்டன் ஊரில் வேறு மாதிரி நடந்தது. அங்கே நச்சுப் பாம்புகளைப் பிடித்துக் குவிக்கும் திருவிழாவை 2012இல் ஊராரே வனவிலங்குத் திருவிழாவாக மாற்றினார்கள். கூட்டம், கடை, பாட்டு எல்லாம் அப்படியே இருந்தன. பாம்புகள் காட்சிக்கு வந்தன, சாவுக்கு அல்ல.

இதற்கும் நூறாண்டுக்கு மேல் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணிகளாகப் பிரிந்து, கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டு, எந்த அணியின் குவியல் பெரியது என்று பார்க்கும் வழக்கம் இருந்தது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவையியலாளராக இருந்த ஃபிராங்க் சாப்மன் அதைத் திட்டி எழுதுவதோடு நிற்கவில்லை. அதே நாளில், அதே குளிரில், அதே போட்டி மனப்பான்மையோடு வெளியே போங்கள், ஆனால் சுடாமல் எண்ணி எழுதி அனுப்புங்கள் என்று தன் பத்திரிகையில் அழைப்பு விடுத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் போனார்கள். ஏறக்குறைய 90 வகைப் பறவைகளின் பெயர் பட்டியலில் ஏறியது. மறுநாள் காலையிலும் அவை அங்கேயே இருந்தன. அந்தக் கணக்கெடுப்பு ஒவ்வொரு டிசம்பரிலும் இன்றும் நடக்கிறது.