வளைவும் நிமிர்வும்

"உன் கை கோணல்" என்று ஊரார் சொன்னால் ஒருவன் என்ன செய்ய வேண்டும்? கையை மாற்றிக்கொள்வதா, சொன்னவர்களை மறுத்து நிற்பதா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் பத்தொன்பது வயதுப் பையன். கேட்ட இடம், ஏற்காட்டில் 'லேடீஸ் ஸீட்' என்கிறார்களே, அந்த மலை முனை. கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

அவன் காப்பித் தோட்டத்து மேஸ்திரி ஒருவரின் மகன். நான் தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஒரு சிறு மைதானம். அங்கே தினமும் மாலையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவான். அவன் வீசும் பந்து மட்டைக்காரனின் கட்டை விரலைத் தேடிப் போய் விழும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் பந்தயம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். அந்த வாரம் முதல் தடவையாக மலையிறங்கி, தேர்ந்த ஆட்டக்காரர்கள் தோல் பந்தில் ஆடும் ஒரு போட்டிக்குப் போயிருந்தான். இரண்டே ஓவர் போட்டான். மூன்றாவது கிடைக்கவில்லை. "நீ பந்தை வீசவில்லை, எறிகிறாய். கை சரியானபிறகு வா" என்று சொல்லிவிட்டார்களாம்.

"பத்து வருசமா இதே கைதானுங்க சார். இத்தனை நாள் சரியா இருந்த கை, இப்ப மட்டும் எப்படிங்க தப்பாச்சு?"

நியாயமான கேள்விதான். டென்னிஸ் பந்தின் எடை அறுபது கிராம்கூட இல்லை. தோல் பந்தோ 156 கிராமுக்குக் குறையாது. பஞ்சு போன்ற பந்தில் வேகம் வரவேண்டுமென்றால் முழங்கையைச் சுண்டத்தான் தோன்றும். ஊர் மைதானத்தில் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆசைக்காக ஆடுகிறவனுக்கு ஆசைதான் அளவுகோல். பெரிய களத்துக்குப் போகும்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, பிறருடைய அளவுகோல் அவன்மேல் வைக்கப்படுகிறது. தோல்வியைவிட அதுதான் அதிகம் வலிக்கிறது.

நான் அவனுக்கு நடராஜனை நினைவூட்டினேன். சேலத்துக்கு மேற்கே இருக்கும் சின்னப்பம்பட்டியில் பிறந்த தறித் தொழிலாளியின் மகன். அவரும் டென்னிஸ் பந்தில் பழகியவர்தான். 2015 ஜனவரியில் கல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடினார். ஒரு கிராமத்து இளைஞனுக்கு அதைவிட உயர்ந்த வாசல் எது? ஆனால் அந்த வாசலைத் தாண்டிய உடனேயே அவர் கைவீச்சின்மேல் சந்தேகம் எழுந்தது. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பயிற்சியாளர்களிடம் போய், மாதக்கணக்கில் கையைப் புதிதாகப் பழக்கினார். 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீகில் திரும்பி வந்தார். 2020-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு, வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடுபவராகத்தான் முதலில் பெயர் குறிக்கப்பட்டார். அந்தப் பயணம் முடிவதற்குள், டிசம்பர் 2-ந் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான இந்தியர் அவருக்கு முன்னால் யாருமில்லை.

"அப்போ வளைஞ்சு குடுக்கணும்கிறீங்களா?" என்றான் பையன்.

அவ்வளவு சுலபமாக 'ஆமாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டிக்குத் தமிழரான முரளிதரனையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். 1995 டிசம்பர் 26-ந் தேதி மெல்போர்ன் மைதானத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எறிகிறார் என்று நடுவர் திரும்பத் திரும்பக் கை நீட்டினார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுக்க நிமிராதது. அவர் சோதனைச் சாலைக்குப் போய், "அளந்து பாருங்கள்" என்று கையை நீட்டினார். கையில் கவசம் பூட்டிக்கொண்டும் வீசிக் காட்டினார். கடைசியில், பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிவரை நிமிரலாம் என்று 2005-இல் எல்லோருக்கும் பொதுவாக விதியே வந்தது. 800 விக்கெட்டுகளோடு அவர் டெஸ்டிலிருந்து விடைபெற்றார்.

இங்கிலாந்தின் லார்வுட் கதை வேறு. சுரங்கத்தில் உழைத்துவிட்டு ஆடவந்தவர். கூலிக்கு ஆடிய தொழில் ஆட்டக்காரர். 1932-33 ஆஸ்திரேலியப் பயணத்தில், சம்பளம் வாங்காத கனவானாகிய தலைவர் ஜார்டின் சொன்னபடி மட்டைக்காரரின் உடம்பை நோக்கி வீசினார். உலகமே கொதித்தது. ஊர் திரும்பியதும் மன்னிப்புக் கேட்கும்படி சொன்னார்கள், கட்டளையிட்ட தலைவரை அல்ல, லார்வுட்டை! அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகு இங்கிலாந்துக்காக அவர் ஆடவே இல்லை.

ஒருவர் வளைந்தார்; ஒருவர் அளக்கச் சொன்னார்; ஒருவர் மறுத்தார். மூவரில் யார் செய்தது சரி? மூவருமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. வேலையில் குறை இருந்தால் திருத்திக்கொள்வதில் இழிவே இல்லை. இல்லாத குறையைச் சொன்னால் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கையை விட்டுவிட்டு மானத்தைக் கேட்டால் கொடுக்கக் கூடாது. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் கடினம். சினம் தணிந்த பிறகே அது தெரியும்.

இப்படி நான் தத்துவம் பேசி முடித்ததும் பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"திருத்திக்கிறேன் சார். யாருங்க சொல்லித் தருவாங்க? அது வரைக்கும் வீட்டுல சோறு?"

எனக்குச் சுரீரென்றது. இத்தனை நேரம் வளைகிறவனின் கடமையையே பேசிக்கொண்டிருந்தேன். கோணலைச் சுட்டுகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு என்பதை மறந்தே போனேன். நடராஜனின் கையைக் குறை சொன்ன உலகத்தில், அதைத் திருத்திக் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். கிராமத்திலிருந்தே அவர் பின்னால் நின்ற வழிகாட்டி ஒருவரும் இருந்தார். இந்தப் பையனுக்கோ தீர்ப்பு மட்டும் கிடைத்திருக்கிறது. குற்றத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவது சுலபம். அது நீதியைப் போலத் தோன்றும். உண்மையில் பாதி நீதிதான். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் வீட்டிலும் இந்தப் பாதி நீதியை நாம் தினமும் வழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடராஜன் அதை மறக்கவில்லை. சின்னப்பம்பட்டியிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கூடம் வைத்தார். 2023-இல் அங்கே ஒரு மைதானமும் திறக்கப்பட்டது. தான் பெற்ற திருத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்.

"அந்த ஊர் இங்கிருந்து தெரியுங்களா சார்?" என்று பையன் மேற்கே விரல் நீட்டினான்.

"தெரியாது, தம்பி. சேலம் போய் பஸ் மாற வேண்டும். நாளைக்கு நானும் வருகிறேன்."

மறுநாள் காலை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கும்போது, பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது முழங்கையை நீட்டுவதும் மடக்குவதுமாகவே வந்தான்.